அவர் சொல்லாத வாக்கியம்

வீட்டு வாசற்படியைத் தாண்டும்போது ‘தவக்கல்து அலல்லாஹ்’ என்று சொல்வது நம் இல்லங்களில் மூச்சு விடுவதைப் போன்ற இயல்பான வழக்கம். வெளிநாடு புறப்படும் மகன் சொல்வான். காலையில் கடைக்கதவைத் திறக்கும் வணிகர் சொல்வார். பரீட்சைக்குச் செல்லும் சிறுமியும் சொல்வாள். ‘அல்லாஹ்வின் மீதே பொறுப்புச் சாட்டினேன்’ என்பதே அதன் பொருள். நல்ல காரியத்தின் தொடக்கத்திலும் அச்சம் சூழ்ந்த வேளையிலும் நாவில் தானாகவே வந்து நிற்கும் இச்சொற்கள், ஒருமுறை உலகத்துப் பத்திரிகைகளில் ஒரு கொலைகாரனின் வாக்குமூலமாக அச்சேறின.

1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் பின்னிரவில் நியூயார்க்கிலிருந்து கெய்ரோவுக்குப் புறப்பட்ட எகிப்து ஏர் நிறுவனத்தின் 990ஆம் எண் விமானம், அரை மணி நேரம் பறந்த பின் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே அட்லாண்டிக் பெருங்கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 217 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கடலடியிலிருந்து பதிவுக் கருவிகள் மீட்கப்பட்டன. (கறுப்புப் பெட்டி என்று நாளேடுகள் ஓயாமல் எழுதும் அக்கருவி, தேடுவோர் கண்ணில் படுவதற்காக ஆரஞ்சு வண்ணம் பூசப்பட்டது. பெயரிலேயே தொடங்கிவிடுகிறது பிழை!) தலைமை விமானி சிறிது நேரம் அறையை விட்டு வெளியே சென்றிருந்தபோது துணை விமானி ஒருவர் தனித்திருந்தார். ‘தவக்கல்து அலல்லாஹ்’ என்று அவர் பலமுறை கூறியது ஒலிப்பதிவில் இருந்தது. தானியங்கிக் கருவி விடுவிக்கப்பட்டு, விமானம் தலைகுப்புறக் கீழ்நோக்கிப் பாய்ந்தது. தலைமை விமானி ஓடிவந்து, ‘என்ன நடக்கிறது?’ என்று கேட்டதும், விமானத்தை மேலே இழுக்க முயன்றதும் பதிவில் இருந்தன.

இவ்வளவும் பதிவில் உள்ளவை. இனி, பதிவில் இல்லாததற்கு வருவோம்.

அந்த நவம்பர் மாத நடுவில், அரபு மொழிப் பேச்சு முழுமையாக மொழிபெயர்க்கப்பட்டு ஆராயப்படும் முன்னரே, அமெரிக்கச் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் ஒரு வாக்கியம் வெளிவந்தது. ‘இப்போது நான் முடிவெடுத்துவிட்டேன்’ என்று துணை விமானி கூறிவிட்டே இறைவனிடம் தம்மை ஒப்படைத்தார் என்பது செய்தி. சொன்னவர் யார்? ‘பெயர் கூற விரும்பாத அதிகாரி.’ சில நாட்களில் அத்தகைய வாக்கியம் எதுவும் பதிவில் இல்லை என்று தெரியவந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட எழுத்துவடிவத்திலும் அது இல்லை. ஆனால், அதற்குள் அவ்வாக்கியம் உலகைச் சுற்றி வந்துவிட்டது. எகிப்தில் அவருடைய மனைவி மக்களின் வாசலிலும் அது வந்து நின்றது.

அந்த வாக்கியத்தைத் தனியே எடுத்துப் பாருங்கள். அது இல்லாவிடில் எஞ்சுவது ஒரு முஸ்லிம் நாள்தோறும் சொல்லும் சொற்களே. ‘முடிவு’ என்னும் ஒரு சொல் முன்னே சேர்ந்தவுடன், பின்னே நிற்கும் துஆவின் முகமே மாறிப்போகிறது. சரணாகதி சதியாகிறது. பொய்யைச் சொன்னவர் நீண்ட கதை எதையும் புனையவில்லை. மெய்யான ஒரு சொற்றொடருக்கு முன்னால் பொய்யான ஒன்றை வைத்தார், அதுவே போதுமானதாயிற்று.

இவ்விடத்தில் நேர்மையான வாசகர் ஒருவர் மறித்துக் கேட்கக்கூடும். ‘அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2002இல் தன் இறுதி அறிக்கையில், அந்தத் துணை விமானி கட்டுப்பாட்டுக் கருவிகளை இயக்கியதன் விளைவாகவே விமானம் வீழ்ந்தது என்று முடிவு செய்யவில்லையா? அப்படியாயின் பத்திரிகைகள் சொன்னதில் தவறென்ன?’

கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. வாரியம் அவ்வாறுதான் முடிவு செய்தது. எகிப்திய அதிகாரிகள் அதை ஏற்காமல், வாற்பகுதியில் விமானத்தை ஏற்றி இறக்கும் பலகைகளின் இயந்திரக் கோளாறே காரணமாகலாம் என்று வாதிட்டனர். அவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் யார்? ஆனால், அதே வாரியம், அவர் ஏன் அவ்வாறு செய்தார் என்பது தீர்மானிக்கப்படவில்லை என்றும் எழுதியது. நெஞ்சில் இருந்ததை அறியோம் என்று, ஈராண்டுகளுக்கு மேல் ஆராய்ந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். பதிவு கரையேறிய சில நாட்களிலேயே அந்த நெஞ்சைத் திறந்து படித்துவிட்டார்கள் நிருபர்கள்.

ஊகம் பின்னால் பலித்துவிட்டால் சொன்ன குற்றம் நீங்கிவிடுமா என்பதே இங்குள்ள அறக்கேள்வி. ஆங்கில அறிஞர் கிளிஃபோர்ட் 1877இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு கப்பல் முதலாளியைக் காட்டுகிறார். பழுதான கப்பல் என்னும் ஐயத்தை மனத்துக்குள் அடக்கிவிட்டு, அவன் பயணிகளை ஏற்றி அனுப்புகிறான். கப்பல் மூழ்கினால் அவன் குற்றவாளி. பத்திரமாகக் கரை சேர்ந்தாலும் அவன் குற்றம் இம்மியும் குறையாது என்கிறார் அவர். நம்புவதற்கு அவனுக்கு உரிமை இருந்ததா என்பதே கேள்வி. நம்பியது பலித்ததா என்பதன்று.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. ஹதீஸ்கலை அறிஞர்கள் ஒரு செய்தியின் வாசகம் எத்துணை அழகாக இருப்பினும் அறிவிப்பாளர் தொடர் அறுந்திருந்தால் அதை ஏற்க மறுத்தார்கள். அறிவித்தவர் இன்னார் என்று தெரியாவிடில் ‘மஜ்ஹூல்’ என்று குறித்து, அச்செய்தியைப் பலவீனமானதாக ஒதுக்கினார்கள். ‘பெயர் கூற விரும்பாத அதிகாரி’ அந்தத் தராசில் என்ன எடை நிற்பார்? உண்மையைச் சொன்னால் உயிருக்கோ பிழைப்புக்கோ ஊறு நேரும் என்று பெயரை மறைக்கும் சாட்சிகளும் உண்டு; அவர்களால் நன்மையும் விளைந்திருக்கிறது. ஆயின், அத்தகைய சாட்சியின் சொல்லைக் கூட, வேறோரிடத்தில் உரசிப் பார்த்த பின்னரே அச்சுக்கு அனுப்புவது ஆசிரியரின் கடமை.

நம்மவர் பக்கமும் சிறிது திரும்ப வேண்டும். அதே நாட்களில் எகிப்தியப் பத்திரிகைகள் சில, இஸ்ரேலிய உளவுத்துறையின் சதி என்றும், விமானத்தில் எகிப்திய இராணுவ அதிகாரிகள் இருந்ததே அதற்குக் காரணம் என்றும் எழுதின. அதிகாரிகள் இருந்தது மெய். சதிக்குச் சான்று எங்கே? மேற்கத்தியப் பொய்யைக் கண்டு கொதித்த நாம் இதைப் படித்துத் தலையசைத்தோமானால், நம் கொதிப்பு உண்மைக்காக எழுந்ததா, உறவுக்காக எழுந்ததா?

விபத்து விசாரணைக்கென்று உலக நாடுகள் ஒப்புக்கொண்ட முறை ஒன்று உண்டு. முப்பது நாட்களில் முதற்கட்ட அறிக்கை. இயன்றால் ஓராண்டில் இறுதி அறிக்கை. அதன் நோக்கம் மீண்டும் ஒரு விபத்தைத் தடுப்பதேயன்றி, யார்மீதும் பழி சுமத்துவதன்று. பத்திரிகைக்கோ இன்று மாலைக்குள் ஒரு குற்றவாளி வேண்டும். இயந்திரத்தின் பெயர் வாசகருக்கு விளங்காது. மனிதனின் பெயர் உடனே விளங்கும். அதனால், விமானம் விழுந்தவுடன் கை நீளுவது இறந்துபோன விமானியை நோக்கியே. மறுப்புக் கடிதம் எழுத அவரால் ஆகாது.

2025ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் வீழ்ந்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் மாண்டபோதும் இதுவே நிகழ்ந்தது. முதல் வாரத்தில், மேலெழும்போது விரிக்க வேண்டிய இறக்கை மடிப்புகளை விமானிகள் விரிக்கவில்லை என்று தொலைக்காட்சியில் சிலர் சொன்னார்கள். பறவை மோதியிருக்கும் என்றார்கள் வேறு சிலர். ஜூலை மாதம் வெளியான முதற்கட்ட அறிக்கையோ, இறக்கை மடிப்புக்கான கைப்பிடி உரிய நிலையில் இருந்தது என்றும், குறிப்பிடத்தக்க பறவை நடமாட்டம் இல்லை என்றும் கூறியது. இரண்டு இயந்திரங்களுக்கும் எரிபொருள் செலுத்தும் விசைகள் ஒரு விநாடி இடைவெளியில் நிறுத்தும் நிலைக்கு மாறியதையும், ‘ஏன் நிறுத்தினீர்?’ என்று ஒருவர் கேட்க, ‘நான் நிறுத்தவில்லை’ என்று மற்றவர் சொன்னதையும் அது தெரிவித்தது. கேட்டவர் யார், மறுத்தவர் யார் என்று அவ்வறிக்கை சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த இடத்தைச் சில நாட்களிலேயே வெளிநாட்டுப் பத்திரிகைகள் நிரப்பிவிட்டன. விசையை அணைத்தவர் தலைமை விமானியே என்று, மீண்டும் பெயர் கூறாதவர்களின் வாயால், செய்தி வந்தது. இத்தகைய செய்திகள் முதிராதவை, ஊகமானவை என்று அமெரிக்க வாரியத்தின் தலைவரே கூற நேர்ந்தது.

இவற்றை எழுதியவர்கள் மட்டுமா பொறுப்பாளிகள்? தேநீரோடு படித்தோம், மக்ரிபுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து, ‘விமானிதானாமே’ என்று அடுத்தவரிடம் சொன்னோம். அந்த ‘ஆமே’ என்னும் ஈற்றசை நம்மைக் காப்பாற்றும் என்று எண்ணுகிறோம் போலும். இருக்கும் குறையைச் சொன்னால் புறம். இல்லாததைச் சொன்னால் அவதூறு. இருக்கிறதா இல்லையா என்றே அறியாமல் சொல்பவன், எதில் கால் வைக்கிறோம் என்பதையும் அறியாமலே வைக்கிறான்.

அந்தத் தலைமை விமானியின் முதிய தந்தை, சுதந்திரமான விசாரணை வேண்டி உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2025 நவம்பரில் மனு விசாரணைக்கு வந்தபோது, முதற்கட்ட அறிக்கையில் மகனைக் குற்றம் சாட்டும் எதுவும் இல்லை என்றும், அந்தச் சுமையை அவர் நெஞ்சில் தாங்க வேண்டியதில்லை என்றும் நீதிபதிகள் அவருக்கு ஆறுதல் கூறினார்கள். மகனைப் பறிகொடுத்து ஐந்து மாதங்களாகியிருந்தன.