கசப்பு பழகும் பிராயம்

கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் சகோதரியின் மகன், பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தபோது, பெரியவர்களுக்கென்று செய்திருந்த பாகற்காய்ப் பிட்லையை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவனுக்கென்று தனியாக வறுத்து ஒரு சிறு கிண்ணத்தில் வைத்திருந்த உருளைக்கிழங்கு அப்படியே இருந்தது.

"எப்படா உனக்கு இது பிடிச்சுது?" என்று கேட்டாள் தாய்.

"தெரியலையேம்மா, எப்பவோ" என்றான்.

நடந்தது இவ்வளவுதான். ஆயினும், கை படாத அந்தக் கிண்ணம் என் மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

தாவரங்களில் உள்ள நஞ்சுகளிற் பல கசப்பானவை; ஆதலால், கண்டதையெல்லாம் எடுத்து வாயிலிடும் பருவத்தில் கசப்பை உமிழ்ந்துவிடும் சுபாவம் குழந்தையின் உயிருக்கே அரணாக அமைகிறது. தாய்ப்பாலோ இனிப்பு. வாலிபம் வர வர, இனிப்பின் மீதிருந்த அதீத நாட்டமும் தானே தணிகிறது. நாக்கின் விஷயம் இதனால் விளங்குகிறது. கிண்ணத்தின் விஷயம் விளங்கவில்லை.

பால்குடி மறக்கடிப்பதற்காகத் தாய் தன் மார்பில் வேப்பெண்ணெய் தடவிக்கொள்ளும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அவ்வாறு வளர்ந்த குழந்தைக்கு முதற் கசப்பு, தாயிடமிருந்து அதைப் பிரிப்பதற்காகத் தாயிடமிருந்தே வருகிறது. பிறகு பாட்டியின் முறை. பூச்சி மருந்தென்று வேப்பங்கொழுந்தை அரைத்துச் சுண்டைக்காய் அளவாக உருட்டி, ஓடிய எங்களைப் பிடித்து நிறுத்தி வாயிலிட்டு, விழுங்கியது நிச்சயமான பிறகே கருப்பட்டித் துண்டை நீட்டுவாள். நாங்கள் அறிந்த கசப்பெல்லாம் இப்படி யாரோ ஒருவர் கையால் வந்தது. இவனுக்கோ ஊட்டிய கை எது?

கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் பரிசோதனையை எங்கோ படித்த ஞாபகம். பால் மறந்த 15 குழந்தைகளின் முன், 30-க்கும் மேற்பட்ட எளிய உணவுகளை வைத்து, தாங்களே தேர்ந்து உண்ணும்படி அவர் விட்டார். குழந்தை கை நீட்டினாலன்றித் தாதியர் கரண்டியை எடுக்கலாகாது, முகத்தாலும் விருப்பு வெறுப்புக் காட்டலாகாது. ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோய் கண்டிருந்த ஒரு குழந்தை, நோய் தீரும்வரை மீனெண்ணெயைத் தானே விரும்பிக் குடித்ததாம். குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தன என்று 1939-இல் அவர் எழுதினார். ஆனால், வைக்கப்பட்ட உணவுகளில் சர்க்கரை இல்லை என்பதையும் மறக்கலாகாது. எதை வைப்பது என்று தீர்மானித்த கை அங்கேயும் ஒன்று இருந்தது.

அந்தத் தாதியரைப் போன்றதுதானோ விடுதிச் சாப்பாட்டுக் கூடம்? இவனுக்கு இது பிடிக்கும், இது ஆகாது என்று அறிந்தவர் அங்கே யாருமில்லை. அறியாதவர் நடுவில்தான் ருசி சுதந்திரமாக மாறுகிறது என்றால், அறிந்து சமைக்கும் அன்பு ஒரு தடையாகவும் இருக்கக்கூடும். இதை ஒப்புக்கொள்ள என் மனம் இசையவில்லை. மகனுக்கு உருளைக்கிழங்கைப் பரிமாறிவிட்டு, அவன் பக்கத்திலேயே அமர்ந்து பாகற்காயைப் பிசைந்து உண்டாளே அவன் தாய், அத்தனை வருஷங்களும் அந்த மணம் அவனுள் வீணாகவா போயிருக்கும்? தன்னை அறியாதவரிடையே அவன் புதிதாய்க் கற்றதா, தாய் அருகிருந்து உண்டதில் என்றோ ஊறியதா என்று என்னால் துணிய இயலவில்லை. அவனைக் கேட்டாலும் அவனுக்குத் தெரியாது.