தண்ணீர்ப் பந்தலும் அவுட்டோர் யூனிட்டும்

2025 செப்டம்பர் 22 அன்று ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. தி.நகர் உஸ்மான் சாலைக் கடையில் ஒரு ஸ்டார் இயந்திரம் வாங்குகிறவருக்கும் ஐந்து ஸ்டார் வாங்குகிறவருக்கும் அதே பத்துப் புள்ளிதான் குறைந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறவருக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டம் வேறு மாதிரி. மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் போட்டால் 78,000 ரூபாய் மானியம். அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஹீட் பம்ப், ஜன்னல், சுவர்க்காப்பு என்று வீட்டைச் சீர்செய்கிறவர்கள் ஆண்டுக்கு 3,200 டாலர் வரை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றிருந்தது. 2025 முடிவோடு அது நின்றுபோனது. மூன்றிலும் பொதுப்பணம் ஒருவருடைய சொந்த வீட்டுக்குள் போகிறது, அல்லது அங்கிருந்து வரவேண்டியது வராமல் போகிறது. அப்படிக் கொடுப்பதற்கு என்ன பெயர்? தானமா, கூலியா, நஷ்ட ஈடா? பெயர் தெரிந்தால்தான் யாருக்குக் கொடுப்பது நியாயம் என்று சொல்ல முடியும்.

முதலில் ஒரு பழைய ஆட்சேபத்தைத் தீர்த்துவிடலாம். காசு வாங்கிக்கொண்டு செய்கிற நல்லது நல்லதாகுமா? பலன் கருதாமல் செய் என்கிறது கீதை. திங்களூர் அப்பூதியடிகள் இன்னும் ஒருபடி மேலே போனவர். தான் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்குத் தன் பெயரைக்கூட வைக்காமல் திருநாவுக்கரசர் பெயரை வைத்தார். அந்த வழியாக வந்த நாவுக்கரசரே, ஏன் உம் பெயரை வைக்கவில்லை என்று கேட்கும்படி ஆயிற்று என்கிறது பெரியபுராணம். இந்த அளவுகோலில் மானியம் வாங்கிப் பேனல் போட்டவர் தேறமாட்டார். தேற வேண்டிய அவசியமும் இல்லை. அவர் புண்ணியம் தேடிப் போகவில்லை, ஈ.பி. பில்லைக் குறைக்கப் போனார். காசு வாங்காமலும் நம்மவர்கள் நல்லது செய்வார்கள் என்பதற்கு 2015-இல் தொடங்கி சமையல் கேஸ் மானியத்தை ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் தாமாக விட்டுக்கொடுத்ததே சாட்சி. ஆனால் விட்டுக்கொடுக்க மனம் போதும். மாடியில் பேனல் ஏற்ற முதல் வேண்டும். வாங்குகிறவரின் மனத்தூய்மையை அளப்பதை விட்டுவிடுவோம். இதில் அறத்தின் தராசில் ஏற வேண்டியவர் கொடுக்கிறவர், அதாவது அரசு.

மயிலாப்பூரில் பிறந்ததாக மரபு சொல்லும் வள்ளுவர் இங்கே கைகொடுக்கிறார். ஒப்புரவை 22-ஆம் அதிகாரத்திலும் ஈகையை அடுத்த அதிகாரத்திலும் தனித்தனியே வைத்தார். ஈகை இல்லாதவருக்குக் கொடுப்பது; மற்றவருக்குக் கொடுப்பது திரும்ப வரும் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பது. ஒப்புரவுக்கு அவர் காட்டும் உவமைகள் ஊர் நீர்நிலையும் ஊர் நடுவே பழுத்த மரமும். குளம் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை, நிறைந்தால் ஊரே குடிக்கிறது. அடையாறு காந்தி நகரில் சொந்த மாடி வைத்திருப்பவருக்கு 78,000 ரூபாய் கொடுப்பதை எப்படித் திருப்பினாலும் ஈகை என்று சொல்ல முடியாது. ஒப்புரவு என்றுதான் நியாயப்படுத்த முடியும். அப்படியானால் சோதனை எளிது: அந்த வீட்டின் குளிர்ச்சியால் தெருவுக்கு என்ன கிடைத்தது?

ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, வெப்பத்தை இடம் மாற்றுகிறது. ஒன்றரை டன் இயந்திரம் முழுவேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து சுமார் 5 கிலோவாட் வெப்பத்தை இழுக்கிறது. அதை இழுக்க ஒன்றரை கிலோவாட் அளவில் மின்சாரம் தின்கிறது. இரண்டும் சேர்ந்து அவுட்டோர் யூனிட் வழியாக வெளியே கொட்டுகிறது. தி.நகர்ச் சந்துகளில் எதிரெதிர் மாடிகளுக்கு நடுவே பத்தடி இருந்தால் அதிகம். ஒரு வீட்டு யூனிட்டின் விசிறி எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி இரவு முழுக்கச் சுற்றுகிறது. அந்த ஜன்னலை மூடவேண்டி வந்தவரும் ஒருநாள் ஏ.சி. வாங்கிவிடுகிறார். பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று மயிலாப்பூர் மாட வீதியில் பந்தல் போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நீர்மோர் ஊற்றுகிறார்கள். டம்ளரோடு நிற்பவரின் முதுகில் பின்னாலிருக்கும் கடையின் அனல் அடிக்கிறது. பந்தல் தன் குளிர்ச்சியைத் தெருவுக்குத் தருகிறது. கடை தன் சூட்டைத் தருகிறது.

இயற்பியல் தெரிந்தவர் இங்கே மறிப்பார். அறைக்குள் இருந்த வெப்பம் வெயிலாக வெளியிலிருந்து வந்ததுதானே; ஊருக்குப் புதிதாகச் சேர்வது மின்சாரத்தின் சூடு மட்டும்தானே? கணக்கு சரி. ஐந்து ஸ்டார் இயந்திரம் அந்தப் புதுச்சூட்டைக் குறைக்கிறது என்பதும், வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியைக் குறைக்கிறது என்பதும் உண்மை. அடையாற்றின் குளிர்ச்சிக்கு எண்ணூர்ப் பக்கத்து மக்கள் சாம்பலைச் சுவாசிக்கிறார்கள் என்பதால் இது சின்ன விஷயமில்லை. சோலார் மானியத்துக்கும் இதைவிட நல்ல நியாயம் கிடையாது. ஆனால் எதிர்வீட்டு ஜன்னலுக்கு மொத்தக் கணக்கு உதவாது. பகலில் ஊர் முழுக்கப் பரவி விழுந்த வெயில், ராத்திரி பத்து மணிக்கு ஒரே மூலையில் கொட்டப்படுகிறது. எவ்வளவு நல்ல இயந்திரமானாலும் அந்த 5 கிலோவாட்டைக் கொட்டித்தான் ஆகவேண்டும். கூரை வழியாக வெப்பம் இறங்காமல் தடுத்தால் கொட்ட வேண்டியதே குறையும். நம் ஊர் மெட்ராஸ் டெரஸ்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. தேக்குச் சட்டத்தின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, மேலே தட்டோடு பதித்தார்கள். பிறகு வந்த நாலரை அங்குல கான்கிரீட் தளம் நாளெல்லாம் வெயில் குடித்து இரவெல்லாம் கீழே விடுகிறது.

பணம் இருப்பவர் முதலில் வாங்கினால்தான் விலை இறங்கி எல்லாருக்கும் எட்டும் என்பது அடுத்த வாதம். எல்.இ.டி. பல்பைக் காட்டுவார்கள். 2014-இல் 310 ரூபாய்க்குக் கொள்முதலான பல்பு 2016-இல் 38 ரூபாய்க்கு வந்தது. ஆனால் அதைச் சாதித்தது தனித்தனி வீடுகளுக்குத் தந்த வரிச்சலுகை இல்லை. அரசு நிறுவனம் கோடிக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட்டு, எல்லாருக்கும் மலிவாக விற்றது. வரிச்சலுகை என்ற வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை போரன்ஸ்டைன், டேவிஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்கக் கணக்கைப் பிரித்துக் காட்டினார்கள். 2006 முதல் அவர்கள் ஆராய்ந்த காலத்தில் தூய ஆற்றலுக்கான வரிச்சலுகையில் சுமார் 60 சதவீதம் வருமானத்தில் மேல்தட்டு ஐந்திலொரு பங்கினருக்கே போயிற்று. கீழ் மூன்று பங்கினருக்கு மொத்தமாகப் பத்து சதவீதம்தான். வரியே கட்டாதவர் எதிலிருந்து கழிப்பது? இங்கே மாடியே இல்லாதவர் எங்கே பேனல் போடுவது? மயிலாப்பூர் ஃபிளாட்டில் மாடி எல்லாருக்கும் பொது, குடியிருப்பவரில் பலர் வாடகைக்காரர். பொது விளக்கு, லிஃப்ட், மோட்டாருக்கென்று அசோசியேஷன் வாங்கினால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு; அதற்கு எல்லா உரிமையாளரும் ஒரே மனத்தோடு கூட்டத்துக்கு வரவேண்டும், அது மானியத்தைவிட அரிய பொருள்.

மிச்சமாகிற மின்சாரத்தை மக்கள் இன்னொரு ஏ.சி. மாட்டித் தின்றுவிடுவார்கள் என்ற ஆட்சேபம், 1865-இல் பொருளியலாளர் ஜெவன்ஸ் நிலக்கரியைப் பற்றிச் சொன்னதிலிருந்தே இருக்கிறது. ஓரளவு உண்மை. அதனாலேயே மானியம் இயந்திரத்தைவிடக் கூரையைத் தேடிப் போவது நல்லது. வெயிலைத் திருப்பியனுப்ப வெள்ளைப் பூச்சு அடித்த கூரையை இரண்டு தடவை அனுபவிக்க முடியாது.

தமிழ்நாடு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. செத்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. அடையாறு ஊரூர்க் குப்பத்திலோ நொச்சிக்குப்பத்திலோ தகர ஷீட்டுக்குக் கீழே படுத்திருப்பவர் ஊரின் சூட்டையெல்லாம் வாங்குகிறார், வெளியே ஒன்றையும் கொட்டுவதில்லை. அவர் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் அது ஈகை. அதே வெயில் திரும்பி வானத்துக்குப் போவதால் தெருவுக்கும் ஒப்புரவு. இரண்டு அதிகாரமும் ஒரே கூரையில் சந்திக்கிற இடம் அது. தெலங்கானா 2023-இல் இதற்கென்றே ஒரு கூல் ரூஃப் கொள்கை வகுத்துவிட்டது. வெள்ளை இரண்டு மழையில் அழுக்கேறிவிடும், பாசி பிடிக்கும் என்பார்கள். பிடிக்கும்தான். மறுபடி தேய்த்துக் கழுவி அடிக்க வேண்டும், ஆளுக்கு நாள்கூலி உண்டு. அந்தக் கூலியை எந்தப் பட்ஜெட் தலைப்பில் எழுதுவது என்பதைத்தான் இனி கேட்க வேண்டும்.