உங்களுக்கென்ன போச்சு?

நம் ஊரில் அதிகம் கேட்கப்படும் கேள்விகளில் இது ஒன்று. தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் கொடுத்துப் பாருங்கள். வேலைக்காரப் பெண்ணின் சம்பளப் பிடித்தத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். 'உங்களுக்கென்ன போச்சு?' என்று பதில் வரும்.

வெறும் நக்கல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. உள்ளே ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. யாருக்கு வலிக்கிறதோ அவர்தான் கத்த வேண்டும். மற்றவர் கத்தினால் ஒன்று விளம்பர ஆசை, இல்லையென்றால் வேலையில்லாத்தனம். சரிதானா இது?

108 வருஷம் வாழ்ந்த ஒரு பெண்மணியை வைத்து யோசித்துப் பார்க்கலாம், வாருங்கள்.

மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ். 1890-ல் அமெரிக்காவில் பிறந்தவர். ஆறு வயதில் அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். அம்மாவுக்கு மனநோய். மகள் 1912-ல் கல்லூரிப் படிப்பை முடித்த சில நாட்களிலேயே அம்மாவைப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. அடுத்து கல்யாணம். கணவர் அவரைவிட ரொம்பவும் மூத்தவர். போதாக்குறைக்கு ஆள் ஒரு மோசடிப் பேர்வழி! 1915-ல் அவரை உதறிவிட்டு, அப்பா பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த மியாமிக்கு வந்து சேர்ந்தார். அப்போது மியாமி ஒரு சின்ன ஊர்தான்.

அப்பாவின் பத்திரிகையிலேயே நிருபரானார். முதல் உலகப் போர் வந்ததும் கடற்படையில் சேர்ந்தார். பிறகு செஞ்சிலுவைச் சங்கத்துக்காக ஐரோப்பாவுக்குப் போனார். திரும்பி வந்து, 1923-ல் பத்திரிகை வேலையையும் விட்டுவிட்டார். கதை எழுதி விற்று வந்த காசில் வாழ்க்கை. 1926-ல், மியாமியில் விரிகுடாக் கரையில் இருக்கும் கோகனட் குரோவில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டார். பெயருக்கே 'தென்னந்தோப்பு' என்றுதான் அர்த்தம். 1998-ல் உயிர் பிரியும்வரை அதுதான் அவர் வீடு. மறுமணம் இல்லை. குழந்தைகள் இல்லை. கார் ஓட்டக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை.

நம் ஊராக இருந்தால், 'பாவம், யாருக்காக வாழறாங்களோ' என்று உச்சுக் கொட்டியிருப்போம்.

அதே கோகனட் குரோவில் கறுப்பின மக்களுக்கென்று தனியாக ஒரு பகுதி இருந்தது. அங்கே குழாய்த் தண்ணீர் கிடையாது, சாக்கடை வசதியும் கிடையாது. டக்ளஸ் வீட்டில் எல்லாம் இருந்தது. ஆனாலும் 1948-ல் தோழி ஒருவரோடு குடிசைப் பகுதிச் சீரமைப்புக் குழுவில் சேர்ந்து, மியாமியின் எல்லா வீடுகளிலும் கழிப்பறையும் குளியல் வசதியும் இருந்தே ஆக வேண்டும் என்ற சட்டத்துக்காகப் போராடினார். சட்டமும் வந்தது. சட்டம் வந்தால் போதுமா, குழாய் போடக் காசு? அதற்கும் வழி செய்தார்கள். அந்த மக்களுக்கு வட்டியில்லாக் கடன் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். கொடுத்த கடன் மொத்தமும் திரும்பி வந்தது என்று பின்னாளில் அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

எவர்கிளேட்ஸ் கதையும் அப்படித்தான். தெற்கு ஃப்ளோரிடாவில் பரந்து கிடக்கும் அந்த ஈரநிலத்தை, வற்ற வைத்து மனை போட வேண்டிய வெறும் சதுப்பு என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். அது தேங்கிக் கிடக்கும் தண்ணீர் இல்லை, புல்லுக்கு நடுவே மெதுவாக நகரும் அகலமான ஆறு என்பதை அவர் 1947-ல் எழுதிய புத்தகம்தான் பொதுமக்களுக்குப் புரிய வைத்தது. அந்தப் பகுதியின் நிலத்தடி நீருக்கும் அந்த ஈரம்தான் ஆதாரம்.

இவ்வளவுக்கும் அவர் ஒன்றும் காடே கதி என்று சுற்றியவர் இல்லை. பூச்சியும் ஈரமும் தாங்காது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னவர். ஒன்றைக் காப்பாற்ற அதன்மேல் மயக்கம் வேண்டும் என்பதில்லை போலிருக்கிறது. அது அழிவது தப்பு என்று தெரிந்தால் போதும்.

1969. எவர்கிளேட்ஸை ஒட்டி, உலகத்திலேயே பெரிதாக ஒரு விமான நிலையம் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். அப்போது டக்ளஸுக்கு வயது 79. 'எவர்கிளேட்ஸின் நண்பர்கள்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். உறுப்பினர் கட்டணம் ஒரே ஒரு டாலர். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அவரைப் போலவே இன்னும் பலரும் எதிர்த்தார்கள். ஒரே ஓர் ஓடுபாதையோடு 1970-ல் திட்டம் நின்றது. அதற்குப் பிறகும் அவர் ஓயவில்லை. பார்வை மங்கிய காலத்திலும் கூட்டங்களுக்குப் போனார். ஒரு கூட்டத்தில் எதிர்த்தரப்பு கூச்சல் போட்டபோது, இதைவிடச் சத்தமாகக் கத்த முடியாதா என்று கேட்டாராம் பாட்டி!

'குடும்பமா, குட்டியா... நேரம் இருந்தது, செஞ்சாங்க. எங்களுக்கு அப்படியா?' என்று நீங்கள் கேட்கலாம். பாதி உண்மைதான். மாமியாருக்கு மருந்து, பிள்ளைக்கு டியூஷன், மாசக் கடைசியில் வீட்டுக் கடன் தவணை என்று ஓடுகிறவரிடம், 'ஊருக்காக நீங்க என்ன செஞ்சீங்க?' என்று கேட்பது அநியாயம்.

ஆனால் மீதிப் பாதியையும் பாருங்கள். 1948-ல் அந்த ஊரில் இன ஒதுக்கல் சட்டமாகவே இருந்தது. ஒரு கறுப்பினத் தொழிலாளி, 'என் தெருவுக்குத் தண்ணி எங்கே?' என்று குரலை உயர்த்தினால் வேலையே போகலாம். டக்ளஸுக்கு முதலாளி கிடையாது. சொந்த வீடு, காலி பண்ணச் சொல்ல ஆள் இல்லை. வாயைத் திறந்தால் அவருக்குப் போகக்கூடியது ரொம்பக் கொஞ்சம். இழந்தவருக்குத்தான் பேச உரிமை என்றால், பேசினால் இன்னும் இழப்பார் என்பதால் அவர் பேச மாட்டார். மற்றவருக்கோ பேசத் தேவையே இல்லை. அப்புறம் யார்தான் பேசுவது?

சுதந்திரத்தைச் சிலர் ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டுப் பூட்டி வைக்கிறார்கள். இவர் எடுத்துச் செலவழித்தார்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. மற்றவருக்காகப் பேசுகிறோம் என்று கிளம்பி, அவர் வாயை மூடிவிட்டு நாமே பேசிக்கொண்டிருப்போம். நன்றியை வேறு எதிர்பார்ப்போம். அந்தக் கடன் ஏற்பாடு எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். தானமாகக் கொடுத்திருந்தால் வாங்கியவர் தலை குனிந்திருக்கும். கடன் என்பதால் கணக்கை அடைத்துவிட்டு நிமிர்ந்து நடக்கலாம்.

103-ஆவது வயதில், 1993-ல், அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. 1998-ல் இறந்தார். அஸ்தியை எவர்கிளேட்ஸில் தூவினார்கள். ஆனால் அந்த ஒற்றை ஓடுபாதை அங்கேயேதான் கிடந்தது. 2025-ல் அதன்மேல் குடியேறிகளை அடைத்து வைக்க ஒரு தடுப்பு முகாம் அமைத்தது ஃப்ளோரிடா மாநில அரசு. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் டக்ளஸின் ஒரு டாலர் அமைப்பும் உண்டு. பிள்ளை குட்டி இல்லாதவர் விட்டுப்போன வாரிசு!

நமக்கு அவ்வளவு பெரிய சதுப்பு நிலம் வேண்டாம். நம் சக்திக்கு ஒரு தெருவிளக்கு போதும். 'உங்களுக்கென்ன போச்சு?' என்று யாராவது கேட்டால் கோபப்படாதீர்கள். நிதானமாகவே பதில் சொல்லலாம்:

'எனக்கு ஒண்ணும் போகலைங்க. அதனாலதான் என்னால கேக்க முடியுது.'