பாலமில்லாத ஓடை

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் செல்லும் ஜான் ம்யூர் பாதை ஏறத்தாழ 340 கிலோமீட்டர் நீளம். முதுகில் மூட்டையோடு மூன்று வாரம் நடக்கிறவர்கள் பல ஓடைகளைக் காலால்தான் கடக்க வேண்டும். சில ஆறுகளுக்குப் பாலம் உண்டு. எவல்யூஷன் ஓடையைக் கடக்கும் இடத்தில் இல்லை. 1964-இன் வனாந்தரச் சட்டப்படி மனிதன் அங்கே வந்து போகிற விருந்தாளி. கட்டுமானமெல்லாம் தவிர்க்கவே முடியாத அளவுக்குத்தான். (அந்த 'விருந்தாளி' என்ற சொல்லுக்கும் ஒரு கறை உண்டு. 1851-இல் மாரிப்போசா படை அவாநீச்சி மக்களை யோசெமிட்டியிலிருந்து துரத்தியது. ஆளில்லாத காடு என்று நாம் ரசிப்பதில் ஒரு பகுதி ஆளை வெளியேற்றிய காடு.)

2017-இல் பனி மிக அதிகம். அந்தக் கோடையில் இதே மலைத்தொடரில் நெடுநடை சென்ற இரண்டு பெண்கள் வெவ்வேறு ஆறுகளில் மூழ்கி இறந்தார்கள். பாலம் போட்டிருந்தால்?

நம்மூரில் கேட்டால், "ரெண்டு மரத்தை வெட்டிப் போட்டா முடிஞ்சுது, இதுல என்னய்யா தத்துவம்?" என்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆற்றில் இறங்க வேண்டியிருக்கிற ஊருக்கு அந்த வாதம் முழுக்கச் சரி. அங்கே பாலமில்லாதது அரசின் குற்றம். இங்கே நடப்பவர் அனுமதிச் சீட்டு வாங்கி, வேண்டுமென்றே வந்தவர்.

ஆனால் 'அவரே தேர்ந்தெடுத்தது' என்று கைகழுவ எனக்கு மனம் வரவில்லை. பகல் வெயிலில் மேலே உருகும் பனி கீழே வந்து சேர மாலையாகிவிடும். விடியற்காலையில் முழங்காலளவு ஓடிய நீர் மாலையில் இடுப்பைத் தொடலாம். விவரமறிந்தவர்கள் இக்கரையிலேயே, நீரிலிருந்து முப்பது மீட்டர் தள்ளிக் கூடாரம் போட்டுத் தூங்குவார்கள். விடிந்ததும் மூட்டையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு இறங்குவார்கள், விழுந்தால் உதறிவிடலாம். பல ஓடைகள் கேட்பது ஓர் இரவுக் காத்திருப்பைத்தான். அந்த ஓர் இரவு யாரிடம் இருக்கிறது? கரடி திறக்க முடியாத டப்பாவுக்குள் சாப்பாடு எண்ணி வைத்தது. லீவு எண்ணி எடுத்தது. விமான டிக்கெட் வேறு. மாலை ஐந்து மணிக்கு ஒருவரை நீரில் இறக்குவது பல நேரம் நாள்காட்டிதான்.

இன்னொன்று. கையடக்கச் செயற்கைக்கோள் கருவியில் பொத்தானை அழுத்தினால் ஹெலிகாப்டர் வரக்கூடும். அதை ஓட்டி வருகிறவர் என் சாகசத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை. 'என் உயிர், என் இஷ்டம்' என்பதெல்லாம் அந்தச் சத்தம் கேட்கும்வரைதான். மலைநடைக்காரர்களிடம் பேசும்போது இந்த இடத்தில் பேச்சு மாறிவிடுவதைக் கவனித்திருக்கிறேன்.

இருந்தாலும் பாலம் வேண்டாம் என்பதே என் கட்சி. பாலத்தின் மேல் நான் எதையும் தீர்மானிப்பதில்லை, கடந்து போகிறேன். அது இல்லாத கரையில்தான் நின்று, பார்த்து, "இன்னைக்கு வேணாம்" என்று சொல்லித் திரும்ப முடிகிறது. அப்படிச் சொல்வதற்கு இரண்டு நாள் சாப்பாடு கூடுதலாக வேண்டும். ஒன்றரைக் கிலோவாவது ஏறும். எடை குறைக்கப் பல்துலக்கியின் காம்பைக்கூட வெட்டுகிறவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.