வாடையும் வீடும்: ஓர் அறநோக்கு

மனிதன் நுகரும் இன்பங்களைப் பெரியன, சிறியன எனப் பகுத்து நோக்குவது நமது வழக்கம். வெளியே மழையும் குளிரும் நிற்க, அடைத்த கதவின் உட்புறத்தே, அடுப்பின் வெம்மையும் விளக்கின் ஒளியும் துணையாக ஒரு நூலை விரித்து அமர்ந்திருக்கும் இன்பம் சிறியவற்றுள் ஒன்றாகவே கருதப்படும். எனினும் ஒரு சமூகத்தின் அமைப்பைச் சிறிய இன்பங்களே நன்கு காட்டிக்கொடுக்கின்றன. இவ்வின்பத்தை நுகர்வதற்கு எவை வேண்டும்? ஒரு கூரை வேண்டும், அதன் கீழ்ச் சிறிது இடம் வேண்டும், எழுத்தறிவு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னுடையது என்று கூறத்தக்க ஒரு நாழிகை வேண்டும். இந்நான்கும் யாருக்குக் கிட்டுகின்றன, யாருக்குக் கிட்டவில்லை என்ற வினா எழுந்தவுடனேயே அச்சிறிய இன்பம் ஓர் அறப் பிரச்சினையாகிவிடுகின்றது. இதனை ஆராய்வதற்கு ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்கள் மிகப் பொருத்தமான களமாகும்.

இலங்கையின் மலைநாட்டுக்கு இரு பருவக்காற்றுக்கள் உண்டு. மேற்குச் சரிவுகள் தென்மேற்குப் பருவக்காற்றினால் நனையும் காலத்தில், மலைத்தொடரின் மறுபுறத்தே பதுளை, பசறை, மடுல்சீமை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகள் கச்சான் காற்றின் வறட்சியிற் காய்கின்றன. ஆடி, ஆவணியை ஒட்டி வீசும் அவ்வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணத்தை அளிப்பது. ஐப்பசி பிறந்ததும் நிலைமை மாறுகின்றது. முதலில் பிற்பகல் தோறும் இடியுடன் கூடிய மழை. அடுத்து வடகீழ்ப் பருவக்காற்று. மார்கழியிலும் தையிலும் எளிதில் விலகாத மூடுபனி. ஐரோப்பியர் கூறும் பொருளில் இது குளிர்காலமாகாது. ஆயினும் நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள அப்புத்தளையிலே தகரக் கூரையின் கீழ், ஈர விறகுடன் ஓர் இரவைக் கழிப்பவருக்கு இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது.

இக்குளிருக்குத் தமிழிலக்கியத்தில் நீண்ட வரலாறு உண்டு. ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும், மார்கழி, தையை முன்பனி என்றும் நம் முன்னோர் வகுத்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நக்கீரரின் நெடுநல்வாடை கூதிர்க்காலத்தைக் களமாகக் கொண்டது. அதில் வீசும் வாடையே வடகீழ்ப் பருவக்காற்றாக ஊவாவையும் நனைக்கின்றது. அப்பாட்டிலே, வெள்ளத்தினால் இடம்பெயர்ந்து மேட்டு நிலத்தை அடைந்த கோவலர் தீ மூட்டிக் கை காய்ந்தும் நடுங்குகின்றனர். நகரத்து மாளிகைகளிலோ சாளரங்கள் அடைக்கப்படுகின்றன. சந்தனம் அரைக்கும் கல்லும் விசிறியும் பயனற்றுக் கிடக்கின்றன. தணலும் அகிற்புகையும் வெம்மை தருகின்றன. அரண்மனையிலே தேவி துயிலின்றி வருந்துகின்றாள். பாசறையிலே அரசன் நள்ளிரவில் எழுந்து, மழைத்தூவலினூடே புண்பட்ட வீரரைக் காணச் செல்கின்றான். வாடை அனைவர்க்கும் பொதுவாக வீசுகின்றது. வெம்மை அவ்வாறு பொதுவாக்கப்படவில்லை. இரண்டாயிரம் ஆண்டளவில் தொன்மை வாய்ந்த ஒரு பாட்டு, ஒரே குளிரை இத்தனை நிலைகளில் வைத்துக் காட்டியிருப்பது நமது சிந்தனைக்குரியது.

தமிழ்மொழி 'வீடு' என்னும் ஒரே சொல்லால் இரு பொருள்களைச் சுட்டுகின்றது. மனிதர் வாழும் மனை ஒன்று. அறம், பொருள், இன்பம் என்பவற்றை அடுத்து எண்ணப்படும் விடுதலை மற்றொன்று. 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்த சொல் இது. உறையுள் வேறு, வீடு வேறு எனக் கொள்வதற்கு இது இடந்தருகின்றது. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கும் இடத்தை உறையுள் எனலாம். அன்றைய தொழிலிலிருந்தும், பிறரது ஏவலிலிருந்தும், பிறரது கண்ணிலிருந்தும் ஒருவர் விடுபடும் இடமே வீடு. இதற்கு வாசிப்பைச் சிறந்த உரைகல்லாகக் கொள்ளலாம். உண்பதும் உறங்குவதும் மறுநாள் உழைப்பதற்கு உடலை ஆயத்தம் செய்வனவாகவும் அமையும். அவ்வளவில் அவை வேலை கொடுப்போனுக்கும் பயன்படுவன. இரவில் ஒரு கதையை வாசிப்பதனால் அவனுக்கு யாதொரு இலாபமுமில்லை. வாசிக்கும் நாழிகையிலே மனிதன் தனக்கென வாழ்கின்றான்.

இவ்வளவுகோலைக் கொண்டு தோட்டத்து லயத்தை நோக்குவோம். தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட மக்களுக்கென எழுந்த இவ்வரிசைக் குடியிருப்புகள், 1869இல் தலைகாட்டிய இலைநோயினால் கோப்பி அழிந்து தேயிலை பரவிய பின்னரும் அடிப்படையில் மாறவில்லை. 10 அடிக்கு 12 அடி கொண்ட ஒரு காம்பரா. அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு. பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. அது தோட்டத்தின் உடைமை. தொழில் செய்யும் வரையில் தங்குவதற்குரியது. விடியுமுன் ஒலித்த தப்பு, பெரட்டுக்கு வருமாறு காம்பராவினுள் உறங்கியோரை எழுப்பியது. தோட்டத்தின் நேரம் சுவரைக் கடந்து உட்புகுந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. இதற்கு மேலாக, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தமும் பல்லாயிரம் குடும்பங்களை நாளை எந்த மண்ணில் இருப்போம் என அறியாத நிலையில் வைத்தன. ஒரு நூலைப் பாதியில் மூடி, எஞ்சியதை நாளை வாசிப்போம் எனத் துயிலச் செல்வதற்கும் எதிர்காலத்தில் ஒரு நம்பிக்கை வேண்டும்.

எழுத்தறிவின் கதையும் இதனின்றும் வேறுபட்டதன்று. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டங்களிற் பாடசாலை அமைக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. நடைமுறையில் அவை பெரும்பாலும் ஓராசிரியர் பள்ளிகளாக, ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. 1945இல் நாட்டுக்குக் கிடைத்த இலவசக் கல்வியின் பயன் இப்பிள்ளைகளை உரிய காலத்தில் எட்டவில்லை. 1970களிலேதான் தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் எடுக்கப்படலாயின.

இனி, வெம்மையைப் பற்றி நோக்குவோம். வீட்டின் வெம்மை தானாக உண்டாவதில்லை. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு பொறுக்கித் தலையிற் சுமந்து வருபவள் பெண். படங்கு நனையக் கொழுந்து பறித்து, நிறுவை முடிந்து, இருட்டும் வேளையில் திரும்பி, ஈர விறகை ஊதி எரியவைப்பவளும் அவளே. புகை வெளியேற வழியற்ற காம்பராவில் அதே அடுப்பு வெம்மையையும் இருமலையும் சேர்த்தே தருகின்றது. பிள்ளை அடுப்படியிலே குப்பி விளக்கை வைத்துப் பாடம் படிக்கும்போது, ரொட்டி தட்டுபவளின் கையில் புத்தகம் இருப்பதில்லை. ஆகவே வீட்டின் இன்பத்தைப் புகழ்வோர், அதனை ஆக்குபவர் அதனை நுகர்பவர்தாமா என்ற வினாவினைத் தவிர்த்துச் செல்லல் தகாது. தோட்டத்துரையின் பங்களாவில் கணப்பு எரித்தவரைப் பற்றி மாத்திரமன்றி, நமது இல்லங்களில் அடுப்பெரிப்பவரைப் பற்றியும் எழுப்பவேண்டிய வினா இது.

மேலைநாட்டுச் சிந்தனையாளரும் இதனை எதிர்நோக்கினர். அரிஸ்டோட்டில் ஓய்வினை உயர்ந்த வாழ்வின் அடிப்படையாகக் கொண்டார். பாடசாலையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் பல, ஓய்வு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே பிறந்தன. எனினும் அவர் கண்ட ஓய்வு, அடிமைகளின் உழைப்பின் மீது அமைந்திருந்தது. 1929இல் வேர்ஜீனியா வுல்ஃப், ஒரு பெண் எழுதுவதற்கு அவளுக்கெனச் சொந்தமாக ஓர் அறையும் ஆண்டுக்கு 500 பவுண் வருமானமும் வேண்டும் என வாதிட்டார். கற்பனையின் ஆக்கத்துக்கும் பொருளாதார அடித்தளம் உண்டென்பதை இலக்கியவாதி ஒருவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டமை குறிப்பிடத்தக்கது. ஓர் அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழும் லயத்தை நோக்குமிடத்து அவரது கோரிக்கை இன்னும் கூர்மை பெறுகின்றது.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். தனியறையும் மௌன வாசிப்பும் இல்லாவிடினும் மலையக மக்கள் இலக்கிய இன்பத்தை இழந்துவிடவில்லையே என்பது அம்மறுப்பு. இதில் உண்மை உண்டு. எழுத்தறிந்த ஒருவர் விளக்கடியில் அமர்ந்து பெரிய எழுத்து நல்லதங்காள் கதையையோ மதுரைவீரன் கதையையோ இராகத்துடன் வாசிக்க, கம்பளி போர்த்திய அயலவர் சூழ்ந்திருந்து கேட்பது தோட்டங்களில் நிலவிய வழக்கம். மார்கழிப் பஜனை குளிர்ந்த வைகறையில் லயந்தோறும் சென்றது. மாசியில் காமன் கூத்து ஊர் முழுவதையும் ஆட்டக்காரராகவும் அவையினராகவும் ஆக்கியது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தாம் இயற்றிய பாடல்களைத் தொழிலாளர் முன்னிலையிற் பாடினார்; அவை சிறு நூல்களாகவும் அச்சாகின. திருக்குறள், கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்திருப்பதன் பொருத்தத்தை இங்கு உணரலாம். கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் ஒருவர் உரத்து வாசிக்க ஏனையோர் கேட்டுக்கொண்டே தொழில் செய்தனர். வாசிப்போனுக்குரிய ஊதியத்தைத் தொழிலாளரே தம்முள் திரட்டிக் கொடுத்தனர். மறு ஆண்டிலேயே ஆட்சியாளர் அதற்குத் தடை விதித்தனர். கூடி வாசிப்பதன் வலிமையை அதிகாரம் விரைவில் அறிந்துகொள்கின்றது.

கூட்டு வாசிப்பு தனித்த வாசிப்பினும் தாழ்ந்ததன்று என்பதை நாம் ஏற்கலாம். ஆனால் அதைக் கொண்டு காம்பராவை நியாயப்படுத்த முடியாது. கூடியிருப்பது விருப்பத்தினால் நிகழும்போதே இன்பமாகும். பிரிந்திருக்க இடமில்லாத காரணத்தால் நிகழுமாயின் அது நெருக்கடியே. இவ்வுண்மையை நமக்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர் பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் ஆவார். ஒரே அறையில் பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் உறங்க நேர்வதன் அவலத்தை அவரது 'மீன்கள்' சிறுகதை எவ்வித அலங்காரமுமின்றி முன்வைக்கின்றது. 1974இல் வெளிவந்த 'காலங்கள் சாவதில்லை' நாவலும் தோட்ட வாழ்வை உள்ளிருந்தே நோக்கியது. 2022இல் மறையும் வரை அவர் எழுத்துப் பணியிலும் மலையக இலக்கிய வரலாற்றைத் தேடித் தொகுக்கும் பணியிலும் ஈடுபட்டிருந்தார். லயத்தைக் களமாகக் கொண்ட நூலை வெம்மையான அறையிலிருந்து வாசிப்பவருக்குத் தமது அறையின் சுவர்கள் புலப்படத் தொடங்கும்.

மழைக்காலம் அணுகும்போது மலைச்சரிவிலுள்ள குடும்பத்தின் மனத்தில் எழுவது எப்போதும் இதமான எதிர்பார்ப்பன்று. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையில், மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவினால் மூடப்பட்டன. அவ்விடம் வாழ்வதற்கு ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலுடன் வந்த பெருமழையும் பதுளை மாவட்டத்தின் சரிவுகளில் உயிர்களைக் கொண்டு சென்றது. கூரைமீது விழும் மழையோசையைக் கேட்டவாறு நூலில் ஆழ்வதற்கு, கூரைக்குப் பின்னாலுள்ள மலை நிலையாக நிற்கும் என்ற நம்பிக்கை முற்பட வேண்டும். மலையக மக்களின் வருகையினது இருநூறாம் ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் கட்டும் முயற்சி அதற்கு முன்னரே தொடங்கியிருந்தபோதிலும், பெருந்தொகையான குடும்பங்கள் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றன.

இவ்வாறாயின், குளிர் நாடொன்றில் கணப்பின் அருகே நூலும் தேநீருமாக அமர்ந்திருப்பவரும், பல்கலைக்கழக விடுதியில் போர்வைக்குள்ளிருந்து வாசிக்கும் மாணவரும் குற்றவாளிகளாவரோ? ஆகார். அவர் கிண்ணத்திலுள்ள மணம் ஊவாவின் கச்சான் காலத்தில் ஒரு பெண் பறித்த கொழுந்தின் மணமாக இருக்கலாம். அதற்காக அவர் நூலை மூடிவிடுவதனால் அப்பெண்ணுக்கு ஒரு நாழிகை ஓய்வேனும் கிட்டப் போவதில்லை. இன்பத்தைத் துறத்தல் இங்கு அறமாகாது. அது மனச்சாட்சியை மலிவாக ஆற்றிக்கொள்ளும் வழியாகவும் முடியலாம். வீட்டின் இதமும் வாசிப்பின் ஓய்வும் உண்மையான நன்மைகளாயிருப்பதனாலேயே, அவை சிலருக்கு மறுக்கப்படுதல் அநீதியாகின்றது. அவை வெறும் ஆடம்பரமாயின், அவற்றை இழந்தோருக்காக நாம் வருந்த வேண்டிய தேவையே இராது.

எனவே நுகர்வோனின் கடன் எதுவென வரையறுக்கலாம். தான் நுகரும் இதத்தின் விலை என்ன, அதனைச் செலுத்தியவர் யார் என்று அறிந்திருத்தல் முதலாவது. அவ்விதத்தைச் சலுகையெனக் கொள்ளாது அனைவர்க்குமுரிய உரிமையெனக் கொண்டு, அதற்கான காணி, கூரை, பாடசாலை, நூலகம், வேலை நேரம் என்பவற்றின் பக்கம் நிற்றல் இரண்டாவது. தன் வீட்டிலேயே அடுப்படியில் நிற்பவருக்கும் ஒரு நாழிகையைப் பகிர்ந்தளித்தல் மூன்றாவது; சொல்வதற்கு எளிதாகிய இதுவே நம்மிற் பலருக்குச் செய்வதற்கு அரிதாகும். பதுளையில் இன்று ஊவா வெல்லச பல்கலைக்கழகம் இயங்குகின்றது. தோட்டங்களிலிருந்து வந்த மாணவர் நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் பயில்கின்றனர். அவர்களுள் பலருடைய முதல் நூலகம் அடுப்படியே என்பதை அவர்தம் ஆசிரியர் மறத்தல் கூடாது.

நெடுநல்வாடையின் அரசன் பாசறையின் வெம்மையை விட்டு எழுந்தது, வெம்மையை வெறுத்தமையினாலன்று. வெளியே புண்பட்டோர் இருந்தமையினாலாகும். நல்ல வாசிப்பும் அத்தகையது. கதவை அடைத்துக்கொண்டு தொடங்கும் அது, முடிவில் கதவைத் திறக்கும் மனத்தை நமக்கு அளிக்குமாயின், நாம் இருக்கும் இடம் உறையுள் என்ற நிலையைக் கடந்து வீடாகின்றது. ஐப்பசி மழை ஊவா மலைகளில் இவ்வாண்டும் இறங்கும். அவ்வேளையில் ஒவ்வொரு காம்பராவிலும் ஒருவரேனும் அச்சமின்றி ஒரு பக்கத்தைப் புரட்டக்கூடிய நிலை வரும்வரை, நமது வாசிப்பின் இன்பம் குறைபட்ட இன்பமேயாகும்.