"இந்த வயசுல உனக்கு என்ன?" என்று யாராவது கேட்டால்

ஐம்பதைத் தாண்டிய அக்காமார்களே, அறுபதைத் தாண்டிய அம்மாமார்களே, இது உங்களுக்காக எழுதியது. சின்னப் பெண்கள் படிக்கிற விஷயம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடும் ஜன்னலைப் பாருங்கள். "என்னம்மா பண்ணுது?" என்று உள்ளிருந்து குரல் வருகிறது. வரிசையில் பின்னால் நிற்பவர்களில் பாதிப் பேர் ஆண்கள். அறுபது வயதுப் பெண் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கை கால் வலி" என்கிறார். அவரைத் தூங்கவிடாமல் செய்வது கை கால் வலியே இல்லை. ஒன்றுக்குப் போனால் நெருப்பாய் எரிகிறது. வாடையோடு வெள்ளைபடுகிறது. உட்கார முடியாமல் அரிக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு வியாதியா என்று கேட்டுவிட்டால் மானம் போய்விடுமே என்று பயம். வலி மாத்திரையை வாங்கி முடிந்துகொண்டு, எரிச்சலோடு போய்ப் பேருந்தில் ஏறுகிறார்.

போதும் தாயே, இந்த வாய்ப்பூட்டு போதும்! நீங்கள் என்ன குற்றம் செய்தீர்கள், வெட்கப்பட? உங்கள் உடம்பில் எந்த உறுப்பும் கேவலமானது இல்லை. ஜன்னலில் விவரம் சொல்லப் பிடிக்கவில்லையா? சொல்ல வேண்டாம். "பெண் டாக்டரைத் தனியாகப் பார்க்கணும்" என்று மட்டும் நிமிர்ந்து கேளுங்கள். உள்ளே போனதும் முதல் வார்த்தையே உண்மையாக இருக்கட்டும்.

அந்த எரிச்சலுக்குக் காரணம் உங்கள் ஒழுக்கமும் இல்லை, சூடும் இல்லை. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மளமளவென்று குறைகிறது. அதுவரை அதன் தயவில் தடித்து, ஈரமாக இருந்த பெண்ணுறுப்பின் உட்தோல் மெலிந்து உலர்ந்துவிடுகிறது. தயிரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரின் இனத்தைச் சேர்ந்த நல்ல கிருமிகள் அங்கே குடியிருந்து, புளிப்புத் தன்மையால் கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் வைத்திருந்தன. ஹார்மோன் குறைந்ததும் அவையும் குறைகின்றன, காவல் தளர்கிறது. சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டால் பூஞ்சைத் தொற்றும் சிறுநீர்த் தொற்றும் மாறி மாறி வரும். கர்ப்பப்பை அடி இறங்கியிருந்தாலும் சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தேங்கித் தொற்று வரலாம்.

இதற்கெல்லாம் மருத்துவம் இருக்கிறது. சிறுநீர்ப் பரிசோதனை செய்து, எந்தக் கிருமி என்று தெரிந்துகொண்டு மருந்து தருவார்கள். எரிச்சல் நின்றதே என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அடிக்கடி தொற்று வருகிறவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் உண்டு. உள்ளே தடவிக்கொண்டால் தோல் மறுபடி தேறுகிறது, தொற்றும் குறைகிறது. ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சோப்புத் தண்ணீரையும் கிருமிநாசினியையும் உள்ளே விட்டுக் கழுவுகிறார்களே, அதை இன்றோடு விடுங்கள். மிச்சமிருக்கும் நல்ல கிருமியையும் அது கொன்றுவிடும். வெளியே வெறும் தண்ணீர் போதும்.

சந்தையிலும் சித்தாள் வேலையிலும் கழிப்பறை இல்லை என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு நிற்கும் பெண்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. அடக்குவதாலும் தொற்று வரலாம். கழிப்பறை கேட்டுச் சண்டை போடுங்கள். அது உங்கள் உரிமை.

இன்னொன்றையும் பேசிவிடுவோம். பேரன் பேத்தி எடுத்தவர்களுக்குத் தாம்பத்தியம் கிடையாது என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்குத் தெரியும், அது பொய். கணவனோடு வாழ்கிறவர்களும் உண்டு, துணையை இழந்தபின் இன்னொரு துணையைத் தேடிக்கொண்டவர்களும் உண்டு. இரண்டுமே தலைகுனிய வேண்டிய விஷயம் இல்லை. வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தாலி கட்டிக்கொண்டதால் அந்த உரிமை போய்விடாது.

கர்ப்பம் தரிக்கப்போவதில்லை, பிறகு எதற்கு ஆணுறை என்று கேட்கிறீர்களா? கருத்தரிப்பு நின்றுபோன வயதில் தொற்று நின்றுபோவதில்லை. மெலிந்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். சிபிலிஸ் என்ற மேகநோயும் எச்.ஐ.வி.யும் உள்ளே நுழைய அந்தக் கீறல் போதும். அரசு மருத்துவமனையில் ஆணுறை இலவசம். வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு ஆணுறை போட்டால் ரப்பர் கிழிந்துபோகும். தண்ணீரால் ஆன ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும், அதையே வாங்குங்கள். "என்னைச் சந்தேகப்படுறியா?" என்று கணவர் எகிறினால், "வாங்க, ரெண்டு பேருமே டெஸ்ட் எடுத்துக்குவோம்" என்று சொல்லிப் பாருங்கள். ரத்தப் பரிசோதனையில் மேகநோய் தெரிந்துவிடும், பென்சிலின் ஊசியில் குணமாகும்.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டிலாவது எய்ட்ஸாவது என்று பெரியவர்கள் மறுத்துக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு பெண்கள் துணிந்து தேடியதால்தான் உண்மை வெளியே வந்தது. அந்தத் துணிவில் கொஞ்சம் உங்களுக்கும் வேண்டும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். உங்கள் சம்மதம் இல்லாமல் ரத்தம் எடுக்கவோ, முடிவை மற்றவரிடம் சொல்லவோ கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1097க்கு போன் போடுங்கள், காசு கிடையாது. தொற்று இருந்தாலும் ஏ.ஆர்.டி. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் நெடுநாள் நன்றாக வாழலாம்.

கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்தான் நம் பெண்களை அதிகம் ஏமாற்றுகிறது. எச்.பி.வி. என்ற வைரஸ் உடலுறவில் தொற்றி, சத்தமே இல்லாமல் பத்து இருபது வருஷம் தங்கி, பிறகு சிலருக்குப் புற்றாகிறது. "அவர் போய் எட்டு வருஷமாச்சு, எனக்கு எதற்குப் பரிசோதனை?" என்று கேட்கும் அம்மாவுக்கும் பரிசோதனை வேண்டும் என்பது அதனால்தான். இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் புற்று வருகிறது.

நம் திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்கள் உலகத்துக்கே இதில் வழி காட்டியிருக்கிறார்கள், தெரியுமா? அங்கே கிராமங்களில் மருத்துவக் குழுவினர் 30 முதல் 59 வயதுப் பெண்களைத் தேடிப்போய் ஒரே ஒரு முறை பரிசோதித்துச் சிகிச்சை கொடுத்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்படாத ஊர்களோடு ஒப்பிட்டால் இந்தப் புற்றால் செத்தவர்கள் 35 சதவீதம் குறைவு. 2007இல் லான்செட் மருத்துவ இதழில் அந்த முடிவு வந்தது. அவர்கள் பயன்படுத்திய கருவி என்ன? பஞ்சில் நனைத்த நீர்த்த அசிட்டிக் அமிலம், வினிகரில் இருப்பதுதான். கர்ப்பப்பை வாயில் அதைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கோளாறான இடம் வெளுத்துக் காட்டும். கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். பிள்ளை பெற்ற உங்களுக்கு இதெல்லாம் ஒரு வலியா?

மாதவிலக்கு நின்றவர்களுக்கு அந்த இடம் உள்ளே ஒடுங்கிவிடுவதால் வெறும் கண்ணில் படாமல் போகலாம். "எனக்கு எச்.பி.வி. டெஸ்டோ பாப் ஸ்மியரோ செய்வீங்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

தீட்டு நின்று ஒரு வருஷம் கழிந்தபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் வீட்டில் உட்காராதீர்கள். மறுபடி இளமை திரும்புகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வதை நம்பாதீர்கள். அது வெறும் வறட்சியாலும் இருக்கலாம், கர்ப்பப்பைப் புற்றின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆரம்பத்தில் பிடித்தால் குணமாக்க முடியும். பேத்திக்குக் காதுகுத்து முடியட்டும், அறுவடை முடியட்டும், மகன் லீவில் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். காதுகுத்துக்கு வேறு முகூர்த்தம் பார்த்துக்கொள்ளலாம். புடவையை மாற்றிக்கொண்டு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.