இடது காட்டப்பட்டுள்ளது, வலது எதிர்ப்புறம்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துச் சின்னப் பட்டறைகளுக்கு வரும் வரைபடங்களின் மூலையில் அடிக்கடி ஒரு குறிப்பு இருக்கும்: 'எல்ஹெச் ஷோன், ஆர்ஹெச் ஆப்போசிட்'. இடதுபக்கப் பாகத்தை வரைந்திருக்கிறோம், வலதுபக்கத்துக்கு இதையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிக்கொள் என்று அர்த்தம். ஒரு ஜோடிக்கு ஒரே தாள். காகிதமும் மிச்சம், நேரமும் மிச்சம். பர்கூரில் இன்ஜினியரிங் படித்து, இப்போது வடிவமைப்பு மென்பொருட்களுக்கு நிரல் எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்த ஒற்றை வரி பல வருடங்களாக உறுத்திக்கொண்டிருக்கிறது. மனிதர்களைப் பற்றிய ஒரு நம்பிக்கையும் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும்: மற்றவன் என்பவன் திருப்பிப்போட்ட நான்.

சாலிட்வொர்க்ஸில் ஒரு இடதுபக்க பிராக்கெட்டைக் கட்டி முடிக்க ஒரு நாள் ஆகலாம். ஸ்கெட்ச் போடணும், எக்ஸ்ட்ரூட் பண்ணணும், துளை, வளைவு, மூலை மழுக்கல் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்கத் திரையின் ஓரத்தில் ஒரு மரம் வளரும். பாகம் எப்படி உருவானது என்ற முழு வரலாறும் அந்த மரத்தில் இருக்கும். பிறகு ஒரு தட்டையான முகத்தைத் தேர்ந்து 'மிரர் பார்ட்' கொடுத்தால் சில நொடிகளில் வலதுபக்கம் தயார். ஆனால் அதன் மரத்தில் சொந்த வரலாறு எதுவும் இருக்காது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு அம்புக்குறி மட்டும்: என்னைப் பற்றித் தெரியணும்னா அங்கே போய்க் கேள். மூலத்தில் துளையை 2 மில்லிமீட்டர் நகர்த்தினால் இதிலும் நகரும். இணைப்பை முறிக்கவும் வழி உண்டு. முறித்தால் அதற்கும் ஒரு மரம் கிடைக்கும், ஆனால் அதன்பிறகு மூலத்தில் செய்யும் திருத்தம் இங்கே வந்து சேராது. உறவும் வேண்டும், சுதந்திரமும் வேண்டும் என்றால் மென்பொருள் கையை விரித்துவிடும்.

இம்மானுவேல் காண்ட் 1768இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இந்தச் சிக்கல் இருக்கிறது. படைப்பில் முதலில் தோன்றியது ஒரே ஒரு மனிதக் கை என்று வைத்துக்கொண்டாலும், அது இடக்கையாகவோ வலக்கையாகவோதான் இருந்தாக வேண்டும் என்றார் அவர். நம் இரண்டு கைகளையும் அளந்து பாருங்கள். விரல்களின் நீளம், இடைவெளி, கோணம் எல்லாம் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். இருந்தும் இடக்கை உறையை வலக்கையில் மாட்ட முடியாது. எல்லா உள்ளளவுகளிலும் சமமான இரண்டு பொருட்கள், ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. அப்படியென்றால் 'சமம்' என்ற சொல்லுக்கு 'ஒன்றுக்கு ஒன்று மாற்றாகும்' என்ற பொருள் கிடையாது. சமத்துவம் பற்றிப் பேசும்போது நாம் சுலபமாக மறந்துவிடுவது இதைத்தான்.

பட்டறையில் இது இன்னும் கறாராகத் தெரியும். துளைக்குள் எம்8 மரையை நிஜ வடிவமாகவே மாடல் செய்துவிட்டு மிரர் கொடுத்தால், மரையும் திரும்பி இடமரையாகிவிடும். கடையில் கிடைக்கும் போல்ட்டோ வலமரை. எனக்குத் தெரிந்த டர்னர் ஒருவர் சொன்னார்: "சார், பீஸு திரும்பும். போல்ட்டு திரும்பாது. அது ஊருக்கே பொது."

சரி, மரையை மட்டும் திருப்பாமல் விடு என்று ஒரு விதி எழுதிவிடலாமா? எல்லார் வீட்டு சைக்கிளும் அந்த விதியை உடைக்கும். அதன் வலது பெடலுக்கு வலமரை, இடது பெடலுக்கு இடமரை. இடது பக்கத்துக்கும் வலமரையே போட்டால் மிதிக்க மிதிக்கக் கழன்று வந்துவிடும். வெல்டிங் கடையில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு வலமரை, அசிட்டிலீனுக்கு இடமரை. மாற்றி மாட்ட முடியாதபடி வேண்டுமென்றே வைத்த வித்தியாசம் அது, உயிரைக் காப்பதற்காக. ஆக, எது திரும்ப வேண்டும், எது திரும்பக் கூடாது என்பதை வடிவத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அந்தப் பாகம் எதைத் தாங்குகிறது, எதனோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

அறவியலிலும் ஒரு மிரர் கட்டளை உண்டு. தனக்கு எது வலிக்குமோ அதைப் பிறருக்குச் செய்யாதே. கன்ஃபூசியஸிடமும் விவிலியத்திலும் அதன் வடிவங்கள் இருக்கின்றன, குறளில் இன்னா செய்யாமை அதிகாரத்தில் இருக்கிறது. மனிதகுலம் கண்டுபிடித்த மிகச் சிக்கனமான வரைபடம் இது. எதிரே நிற்பவரின் மொத்த வரலாறும் தெரியாமலே அவரிடம் ஓரளவு நியாயமாக நடந்துகொள்ள வைத்துவிடும். பிறரின் ரசனை வேறாக இருக்கலாமே என்று பெர்னார்ட் ஷா 1903இல் இதைக் கிண்டல் செய்தார். ரசனை கூடச் சின்ன விஷயம்தான். பாரம்தான் பெரிது. "நானும்தான் நைட் ஷிஃப்ட் பார்த்தேன், நீ பார்த்தா என்ன?" என்று லைனில் வேலை செய்யும் பெண்ணிடம் கேட்கும் சூப்பர்வைசர் பொய் சொல்லவில்லை. ஷிஃப்ட் ஒன்று, சம்பளமும் ஒன்று. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இருட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும் அரை கிலோமீட்டர் உண்டு, வீட்டுக்குப் போனதும் பற்றவைக்க வேண்டிய அடுப்பு உண்டு. அவர் தன்னை மிரர் செய்து அங்கே வைத்தார். மரையைப் பார்க்கவில்லை.

கண்ணாடிக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. அது இடம் வலத்தை மாற்றுகிறதே, தலையையும் காலையும் ஏன் மாற்றுவதில்லை என்பது பழைய புதிர். (உண்மையில் அது மாற்றுவது முன்பின்னை.) இந்தப் புதிரைத் தமிழ்ச் சமூகம் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தே பார்த்திருக்கிறது. சோழர் காலத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை சாதிகள் வலங்கை, இடங்கை என்று பிரிந்து நின்றன. நிலம் சார்ந்தவர்கள் பெரும்பாலும் வலங்கையில், கம்மாளர் போன்ற கைவினைஞர்கள் இடங்கையில். இரண்டு தரப்புமே தங்களிடம் 98 சாதிகள் என்று சொல்லிக்கொண்டன. எண்ணிக்கையிலும் சமச்சீர்! கொடி, பந்தல், ஊர்வலப் பாதை என்று ஒருவருக்கு இருந்த உரிமை மற்றவருக்கும் வேண்டும் என்று அடிதடி. சென்னையில் 1707இல் இந்தச் சண்டை முற்றியபோது, கவர்னர் தாமஸ் பிட் காலத்தில் வலங்கைக்குப் பெத்துநாயக்கன்பேட்டை, இடங்கைக்கு முத்தியால்பேட்டை என்று பிரித்துக் கொடுத்தார்கள். நடுவே ஒரு கோடு, இருபுறமும் தெருக்கள்.

ஆனால் பறையர் வலங்கையில், அருந்ததியர் இடங்கையில். இரண்டு கைகளிலும் கீழே இருந்தவர்கள் கீழேயேதான் இருந்தார்கள். எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில், 'எடகய்', 'பலகய்' என்ற சொற்கள் தலித் மக்களின் உள்ஒதுக்கீட்டு விவாதத்தில் இன்றும் புழங்குகின்றன. இடத்துக்கும் வலத்துக்கும் நடுவில் எவ்வளவு நியாயமாகக் கோடு போட்டாலும் மேல், கீழ் அப்படியே நிற்கும். பேச்சுத்தமிழ் இதை ஒளிக்கவே இல்லை. நமக்கு ஒன்று சோத்துக்கை, மற்றது பீச்சாங்கை.

அதனால் கண்ணாடியைத் தூக்கிப்போட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. மிரர் இல்லாமல் ஒவ்வொரு வலதுபக்கத்தையும் முதலிலிருந்து கட்டினால் ஒரு வண்டியும் பட்டறையை விட்டு வெளியே வராது. பிறரைத் தன்னைப்போல் எண்ணத் தொடங்காதவன் அவர்கள் பக்கம் ஒரு அடிகூட வைக்க மாட்டான். ஆனால் திரையில் வடிவம் சரியாகப் பொருந்தியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதில்தான் ஆபத்து. நல்ல டிசைனர்கள் மிரர் கொடுத்தபிறகு மரையைப் பார்ப்பார்கள், பொறித்த எழுத்து தலைகீழாய்ப் போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள், அந்தப் பக்கம் விழும் பாரம் என்னவென்று கேட்பார்கள். பிறகு வலதுபக்கத்துக்கென்று தனியாக இரண்டாவது தாள் ஒன்று போடுவார்கள்.

ஒரு தாள் கூடுதல் செலவு. இன்னொரு மனிதருக்கு அந்த ஒரு தாளைக்கூட ஒதுக்காமல், நம்மையே திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டு அவரைப் புரிந்துகொண்டதாக நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்?